தேத்தண்ணி ஓடிய பக்கம்

அவர் தேத்தண்ணியைத் தரையில் ஊற்றினார்.

கை நடுங்கிச் சிந்திவிட்டது என்றுதான் நினைத்தேன். வலது கை அசைவில்லாமல் மடியில் கிடந்தது. இடது கையால் கோப்பை பிடிக்க அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார். நான் கட்டத் தொடங்கியிருந்த படகுக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு பலகைக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். விடிந்ததிலிருந்து மழை. முதுகு விண்ணென்று வலித்தது. ஒரு கோப்பைத் தேத்தண்ணியை ஒழுங்காகக் குடிக்க முடியாதா என்று ஏசிவிட்டு, சாக்குத் துண்டை எடுத்து வந்து துடைத்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்து, "இல்ல" என்றார்.

அப்போது அவரிடம் இருந்த ஒரே சொல் அதுதான்.

கதவைப் பார்த்த மாப்பிள்ளை

போன கிழமை, அவர் பட்டறையில் விழுந்த காலையைப் பற்றி எழுதியிருந்தேன். படித்தவர்கள் பிறகு என்ன ஆனது என்று கேட்டார்கள். பிறகு ஆனதைச் சொல்வதற்கு முன்னால், இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுப்பவர்களுக்கு எங்களை அறிமுகப்படுத்தி விடுகிறேன்.

அவர் என் வீட்டுக்காரர், மாணிக்கம். தேயிலைத் தோட்டத்துத் தச்சுப் பட்டறையில் தலை நரைக்கும் வரை வேலை செய்தவர். எங்கள் பக்கம் தச்சரையும் மேசனையும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசனில் வெறும் பாஸ் என்றால் அது அவர்தான். நான் பாக்கியம். கொழுந்து எடுத்தே முழங்கால் தேய்ந்தவள். வாய் மட்டும் தேயவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் என் முகத்தைப் பார்த்ததை விட தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் கதவைப் பார்த்ததுதான் அதிகம். மழைக்கு ஊதி, இழுத்தால் கத்துகிற கதவு. வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மாப்பிள்ளை எழுந்து போய்க் கதவின் அடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இழைப்புளியோடு வந்து அந்தக் கதவைக் கழற்றிச் சரிசெய்து மாட்டிவிட்டுப் போனார். எங்கள் அப்பா அன்றே சம்மதம் சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவேயில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு கதை.

அவர் எப்போதுமே அதிகம் பேசாதவர். ஆனால் சொன்னால் சொன்னதுதான். "ரெண்டு நூல் கூட இருக்கு" என்பார். தச்சருக்கு ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அளந்து பார்த்தால் இரண்டு நூல்தான் கூடியிருக்கும்.

அப்படிப்பட்ட மனுசனுக்குப் பாரிசவாதம் அடித்து, வலது பக்கம் போனது. பேச்சும் போனது. மிச்சமிருந்தது 'இல்ல' மட்டும். பசிக்கிறதா என்றால் இல்ல. சோறு வைத்தால் சாப்பிடுவார். தேத்தண்ணி வேண்டுமா என்றால் இல்ல. கொடுத்தால் கை நீட்டி வாங்குவார். என் பெயரைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாலும் இல்லதான். ஆகவே கொஞ்ச நாளில் நான் அந்தச் சொல்லைக் காதில் வாங்குவதை விட்டுவிட்டேன். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தண்ணிக்கு அந்தப் பக்கம்

ஆஸ்பத்திரியில் டொக்டர் தெளிவாகத்தான் சொன்னார். எவ்வளவு விளங்குகிறது, எவ்வளவு திரும்பி வரும் என்பதெல்லாம் போகப் போகத்தான் தெரியும். ஆனால் முதல் சில மாதம்தான் முக்கியம். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், விடக்கூடாது.

நாங்கள் இருப்பது அணைக்கட்டுத் தண்ணீருக்கு இந்தப் பக்கம். அட்டன் ஆஸ்பத்திரிக்கு பஸ் போகிற ரோடு அந்தப் பக்கம். இங்கிருந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டால் அங்கே திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவு கிட்ட. ஆனால் சுற்றிப் போனால் பத்துக் கட்டை, அதாவது பத்து மைல் தூரம். அந்தப் பாதையும் போன மழையில் மண் சரிந்து மூடிக்கொண்டது. திறப்பார்கள், திறப்பார்கள் என்று பார்த்திருந்ததில் இரண்டு கிளினிக் போய்விட்டது.

மூன்றாவது கிளினிக்குக்கு சுனில் தன் தோணியில் கூட்டிப் போகிறேன் என்றான். சுனில் எங்கள் அணைக்கட்டில் மீன் பிடிக்கிறவன், சிங்களவன், எங்களோடு தமிழும் பேசுவான். தோணி ஒடுங்கலானது. வலது பக்கத்தில் தன் உடம்பைத் தாங்க முடியாத ஆளை அதில் உட்கார வைத்ததும், அவர் அப்படியே சரிந்து, தோணியும் சரிந்து, கரையோரத்திலேயே தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அன்றைக்கு அவரை முதுகில் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஏறி வந்தவன் சுனில்தான். ஈரத்தோடு வாசலில் நின்று அவன் சொன்னது இது: இவருக்கு அகலமான, அசையாத படகு வேண்டும். அப்படி ஒரு படகுக்கான அச்சுகள் என்னிடம் இருக்கின்றன. கட்டத்தான் ஆள் இல்லை.

ஆள் இருக்கிறது என்றேன். யார் என்று கேட்டான். நான்தான் என்றேன். என் தங்கச்சி லெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருபத்தைந்து வருடம் ஒரு பாஸுக்குப் பலகை பிடித்துக் கொடுத்தவளுக்குத் திருகாணி முடுக்கத் தெரியாதா என்ன? பட்டறைச் சாமான் எல்லாம் கட்டிலுக்கு அடியில் துருப்பிடிக்கக் கிடந்தது. இன்னும் இரண்டு கிளினிக்குக்கு மேல் விட மாட்டேன் என்று அன்றே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

ஐந்து அச்சு

சின்னப் படகைக் கவிழ்த்து வைத்துத்தான் கட்ட வேண்டும். முதலில் அச்சுகளை நிறுத்த வேண்டும். அச்சு என்றால், படகைக் குறுக்கே அறுத்தால் எப்படி இருக்குமோ அந்த வடிவத்தில் வெட்டிய தடித்த பலகை. எங்கள் படகுக்கு ஐந்து. முனைக்குச் சின்னது, நடுவுக்குப் பெரியது, பின்னுக்குக் கொஞ்சம் சிறியது. ஒவ்வொன்றையும் கால் வைத்துத் தரையில் வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் லுணுமிதெல்ல என்கிற மலைவேம்புப் பலகையை வளைத்துப் பூட்டினால் படகின் உடம்பு வரும். பிறகு அச்சைக் கழற்றிவிடலாம். அச்சு எப்படி நின்றதோ அப்படித்தான் படகு. அச்சு கோணினால் படகும் கோணும், அதற்குப் பிறகு யார் வந்தாலும் நிமிர்த்த முடியாது.

வேலை செய்ய இடம் வேண்டுமே. லயத்துத் தரை மேடும் பள்ளமும். அம்மிக் கல்லே நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்துத்தான் நிற்கிறது. டிவிசன் முழுக்கப் பார்த்தால் வழவழப்பான சீமெந்துத் தரை ஒரே இடத்தில்தான், பழைய மடுவத்தில். நாங்கள் எடுத்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகையைத்தான் மடுவம் என்போம். புது மடுவம் ரோட்டோரம் வந்த பிறகு பழையது சும்மா கிடந்தது. வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையாவிடம் கேட்டேன். தோட்டத்து மனேஜர் தொரையிடம் சொல்லி வாங்கித் தந்தார்.

சீமெந்து என்றால் மட்டம். எங்களுக்கு அப்படித்தான். மண் தரையிலும் சாணம் மெழுகிய தரையிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு சீமெந்தைச் சந்தேகப்படத் தோன்றாது. அவருடைய ரசமட்டத்தில் கண்ணாடிக் குழாய் உடைந்து போயிருந்தது. பரவாயில்லை, மூலைமட்டம் இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டேன். மூலைமட்டத்தின் ஒரு கையைத் தரையில் வைத்து, மறு கையோடு அச்சு ஒட்டி நின்றால் அச்சு நேர். அப்படி ஐந்தையும் நிறுத்தினேன்.

பிறகு முதல் அச்சின் உச்சியிலிருந்து கடைசி அச்சின் உச்சி வரைக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டினேன். நடுவில் இருந்த மூன்று அச்சின் நடுக்கோடும் அந்த நூலை அப்படியே தொட்டன. ஒரு மயிரிழை விலகவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. லெட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுனிலைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடைசியாக, வாசலில் நாற்காலியில் இருந்த அவரையும் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து காட்டினேன்.

ஐந்து அச்சையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

"நல்லா இருக்குன்னு சொல்றாரு" என்று லெட்சுமிக்கு நானே மொழிபெயர்த்தேன்.

மூன்றாவது கோப்பை

அடுத்த நாள் பலகை ஏற்றத் தொடங்கினோம். லெட்சுமி கொழுந்துக் காட்டிலிருந்து வந்து ஒரு முனையைப் பிடிப்பாள், நான் மறு முனையை. பலகையை வெந்நீர்த் துணியால் சுற்றி, மெல்ல வளைத்து, பசை தடவி, திருகாணி போட்டு முடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. என்னிடம் அது குறைவு. ஒரு நாளைக்கு ஒரு பலகைதான் போனது. அவர் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அடிக்கடி அந்த ஒரு சொல்லைச் சொன்னார். நானும் சரிங்க, சரிங்க என்று சொல்லிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

பலகை ஏற்றிய முதல் நாளே முதல் கோப்பையை ஊற்றினார். நான் ஏசினேன், துடைத்தேன்.

இரண்டாம் நாளும் ஊற்றினார். அன்றைக்கு ஏசவில்லை. அழுகை வந்துவிட்டது. இடது கையும் போகிறதோ என்று பயம். அதையும் துடைத்தேன்.

மூன்றாம் நாள் என் இரண்டு கையிலும் பசை. ஒரு பலகையை நெஞ்சால் அழுத்திப் பிடித்திருந்தேன். அசைய முடியாது. அவர் நாற்காலியிலிருந்து தானாக எழுந்தார். இடது கையில் கோப்பை, கக்கத்தில் கோல். விழப் போகிறார் என்று லெட்சுமி ஓடினாள். அவளைத் தோளால் தள்ளிவிட்டார். மடுவத்தின் உள் கோடிக்குப் போய், கடைசி அச்சின் காலடியில் பாதித் தேத்தண்ணியை ஊற்றினார். அது ஊற்றிய இடத்திலேயே வட்டமாக நின்றது.

பிறகு காலை இழுத்து இழுத்து இந்தக் கோடிக்கு வந்தார். முனைப் பக்கத்து அச்சின் காலடியில் மீதிப் பாதியை ஊற்றினார். அது நிற்கவில்லை. அச்சின் அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, விறுவிறுவென்று ஓடி, மூலையில் தண்ணீர் வெளியேறுகிற பீலித் துவாரத்தில் விழுந்தது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இல்ல" என்றார். அந்த ஒரு சொல்லை அவ்வளவு கோபமாக ஒரு மனுசனால் சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் எத்தனை வருடம் நின்ற தரை அது! மழையில் நனைந்த கொழுந்தைக் கொண்டு வந்து கொட்டினால் தண்ணீர் தேங்கக் கூடாது என்று, வாசலோரம் முழுவதையும் அந்த மூலைக்குச் சரித்துத்தான் போட்டிருந்தார்கள். உள் கோடி மட்டம், வாசல் பக்கம் சரிவு. மழைக்காலத்தில் தண்ணீர் காலை நனைக்காமல் ஓடுகிறதே என்று அந்தச் சரிவைப் புகழ்ந்தவளே நான்தான். அதே தரையில் மூலைமட்டத்தை வைத்துவிட்டு நேர் என்று குதித்திருக்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானையும் இல்லை.

நூல் பொய் சொல்லவில்லை. உச்சிகள் ஐந்தும் ஒரே கோட்டில்தான் இருந்தன. ஆனால் அந்தக் கோடு கால்களுக்கு நேர் மேலே இல்லை. பின் அச்சு நிமிர்ந்து நின்றது. அடுத்தது கொஞ்சம் சாய்ந்தது, அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். முனை அச்சு ஒரு அங்குலத்துக்கு மேல் சாய்ந்து நின்றது. ஈரத் துணியை முறுக்குகிற மாதிரி மொத்தப் படகையும் முறுக்கி வைத்திருந்தேன்.

கழற்றுவதா, விடுவதா

சுனில் வந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான். மிதக்கும், ஆனால் எப்போதும் ஒரு பக்கமாக இழுக்கும் என்றான். ஆடிக் காற்றில் துடுப்புப் போடுகிறவருக்குக் கை விட்டுப் போகும். உள்ளே இருப்பவரும் உடம்பைச் சாய்த்துச் சமாளிக்க முடியாதவர். சொல்லிவிட்டு, முடிவு உங்களுடையது என்று போய்விட்டான்.

லெட்சுமிக்கு மனமில்லை. "இவ்வளவு பாடுபட்டு ஏத்தின பலகையாச்சே அக்கா. அடுத்த கிளினிக்குக்கு எட்டு நாளுதான் இருக்கு. கழட்டினா அதும் போச்சு. இப்பிடியே முடிச்சிப் போவம்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இன்னொரு கிளினிக்கை விட எனக்கும் நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. ஆனால் அவர் மூன்று கோப்பைத் தேத்தண்ணியைக் குடிக்காமல் ஊற்றியிருக்கிறார். இதற்குப் பிறகும் அந்தப் பலகையின் மேல் நான் இன்னொரு பலகையை ஏற்றினால், அவரை உயிரோடு புதைக்கிறதும் அதுவும் ஒன்றுதான். "கழட்டு" என்றேன்.

பசை காய்ந்திருந்தது. இரண்டு பலகை உடைந்தன. பொழுது சாய்வதற்குள் ஐந்து அச்சும் தரையை விட்டு வந்துவிட்டன.

ஒவ்வொரு 'இல்ல'வும்

இந்தத் தடவை தரையை நம்பவில்லை. இரண்டு நீளச் சட்டத்தைக் கட்டை மேல் படுக்க வைத்து, மேசன்மார் பாவிக்கிற தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்தேன். குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். வாசல் பக்கத்துக் கட்டைக்கு அடியில் ஆப்பு வைத்து, தட்டி, எடுத்து, மறுபடி வைத்து, அதற்கே ஒரு காலை போனது. அச்சுகளை அந்தச் சட்டத்தின் மேல் ஏற்றினேன். மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல். மேல் நூலிலிருந்து தூக்குக் குண்டை இறக்கினால் குண்டின் முனை கீழ் நூலைத் தொட வேண்டும். படகின் முனையிலிருந்து ஒவ்வொரு அச்சின் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் நாடா பிடித்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும்.

அதற்கு மேல் ஒரு சோதனையும் சேர்த்தேன். ஒவ்வொரு அச்சையும் நிறுத்திவிட்டு அவரைக் கேட்பது. கேட்டுவிட்டுக் காத்திருப்பது. கேட்பது சுலபம், காத்திருப்பதுதான் கஷ்டம். ஒரு வாய் வெற்றிலையை மென்று துப்புகிற நேரம் ஆகும் அவருக்கு. முகம் வேலை செய்யும், உதடு வேலை செய்யும், ஒன்றும் வராது. நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

அவர் சொல்கிற பத்து 'இல்ல'வில் எத்தனை மெய் என்று எனக்குத் தெரியாது. பத்தையும் சோதித்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

முனையிலிருந்து இரண்டாவது அச்சில் குண்டு சரி, நாடா சரி, மட்டம் சரி. அவர் "இல்ல" என்றார். மறுபடி எல்லாம் பார்த்தேன். எல்லாம் சரி. மறுபடியும் இல்ல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோறுக்கும் இல்ல, தண்ணிக்கும் இல்ல, இதுவும் அந்த இல்லதான் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "எங்கன்னு காட்டுங்க" என்று கோலை அவர் கையில் கொடுத்தேன். அச்சின் முகத்தைத் தட்டினார். அதில் பென்சில் கோடு இல்லை. கோடு போட்ட முகம் முனையைப் பார்த்து நிற்க வேண்டும், பலகையின் கனம் நடுப்பக்கம் போக வேண்டும். நான் திருப்பி நிறுத்தியிருந்தேன். அப்படியே விட்டிருந்தால் முனைப் பக்கத்து விளிம்பு பலகையை வெளியே தள்ளி, அந்த இடத்தில் படகு புடைத்திருக்கும்.

திருப்பிப் போட்டேன். கேட்டேன். காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த அச்சுக்கு நடந்தார்.

பிறகு ஆறு நாள். லெட்சுமி இரண்டு நாள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் என்னோடு நின்றாள். சுனில் விடிய வலை எடுத்துவிட்டு நேரே மடுவத்துக்கு வருவான். பலகைகள் இந்த முறை முறைக்காமல் போய் உட்கார்ந்தன. ஒன்றையும் அடித்துத் திணிக்க வேண்டி வரவில்லை. கடைசிப் பலகையை ஏற்றியபோது என் விரல் நகம் இரண்டு கறுத்துப் போயிருந்தது.

அக்கரையில்

கழற்றியதற்கு எட்டாம் நாள், கிளினிக் நாள் காலை, படகைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் தண்ணீருக்கு இறங்கினார்கள். சுனில் முதலில் தனியே ஏறி, ஆடி, குதித்து, சரித்துப் பார்த்தான். பிறகு அவருக்கு மிதவைச் சட்டை போட்டு, நடுவில் தாழ்வான பலகையில் உட்கார வைத்தோம். படகு அசையவில்லை. நடுத் தண்ணீரில் சுனில் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். படகு இந்தப் பக்கமும் போகாமல் அந்தப் பக்கமும் போகாமல் தன் பாட்டுக்கு நேரே போனது. நான் வாய்விட்டு அழுதேன். அவர் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி மிஸ் சின்ன வயசுப் பிள்ளை. எங்கள் இரண்டு பேருக்கும் நாற்காலி காட்டிவிட்டு, தன் நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேர் என்ன, வயசு என்ன, என்ன வேலை செய்தார், எல்லாம் என்னிடம். நானும் பழக்கத்தில் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். பிறகு பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார், "நாங்க பேசுறது இவருக்கு வெளங்குதா?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிவிட்டேன்.

"அவருக்கிட்டயே கேளுங்க மிஸ்" என்றேன். "வாயில இல்லன்னுதான் வரும். அதோட விட்டுறாதீங்க. பதில் வர நேரமெடுக்கும், நாங்க இருக்கோம்."

மிஸ் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கி, அவருக்கு நேர் எதிரே கொண்டுபோய்ப் போட்டார்.